நாலு மாசப் பிள்ளை

கேரளாவுக்குப் போய் ஹவுஸ் போட்டில் ஒரு நாள் தங்க வேண்டும் என்பது என் மனைவிக்குப் பல வருச ஆசை. நான் கூட்டிப் போகவில்லை. அடுத்த லீவு, அடுத்த லீவு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். கடைசியில் நாங்கள் இருவரும் சேர்ந்து போன ஒரே படகுப் பயணம் எங்கள் சொந்த வீட்டுக்குப் போனதுதான். அதுவும் கண்மாயில் மீன் பிடிக்கிற போட்டில், மடியில் நாயை வைத்துக்கொண்டு.

இப்படி ஆரம்பித்தால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். திருமங்கலத்தில் எனக்குப் பம்புசெட்டு மோட்டார் கடை. மோட்டார் வாங்க வந்தவர்கள், மோட்டார் எரிந்துபோய்ச் சண்டைக்கு வந்தவர்கள் என்று ஐம்பது பேரிடமாவது இந்தக் கதையைச் சொல்லியிருப்பேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களிடம் சொல்லும்போது மட்டும் என் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். ஏனென்றால் நான் சொல்வது பாதிக் கதை. நாய் துள்ளியது, போட்டு ஆடியது, கம்பு போனது, என் வேட்டி நனைந்தது என்று அதோடு முடித்துவிடுவேன். மீதியை இதுவரை வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு வருசமாக அது எனக்குள் கிடந்து அறுக்கிறது. வாயால் சொல்லத் துப்பில்லாததால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு திருநகர் தாண்டி, திருமங்கலம் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் பாதையில் இருக்கிறது. முன்பு அதெல்லாம் கண்மாய்த் தண்ணீர் பாய்ந்த வயல். என் அப்பாவும் பெரியப்பாவும் அதில் நெல் போட்டார்கள், பிறகு பிளாட் போட்டு விற்றார்கள். எனக்கென்று விட்டுவைத்த இடத்தில் நான் வீடு கட்டினேன். மெயின் ரோட்டுக்கும் எங்கள் காலனிக்கும் நடுவே ஓர் ஓடை குறுக்கே போகிறது. கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால் தண்ணீர் அந்த வழியாகத்தான் வெளியேறும். மேலே ஒரு தரைப்பாலம் உண்டு. காலனிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். எங்கள் வயலில் கூலிக்கு வேலை பார்த்த குடும்பங்கள் அங்கேதான் இருந்தன. இப்போது அந்த வீட்டுப் பிள்ளைகள் நர்ஸ் வேலை, எலக்ட்ரீசியன் வேலை, ஜவுளிக்கடை என்று தினமும் மதுரைக்குப் போய் வருகிறார்கள்.

அந்த ஐப்பசியில் என் மனைவியின் தங்கை மகனுக்குச் சோழவந்தானில் காதுகுத்து. இரண்டு நாள் தங்கும்படி போயிருந்தோம், நாயையும் கூட்டிக்கொண்டு. அவனை விட்டுவிட்டுப் போக ஆள் கிடையாது. வெள்ளைப் பொமரேனியன். வயசு பதிமூன்று. இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, வீட்டுக்குள்ளேயே சுவரில் முட்டிக்கொண்டு நடப்பான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இதை ஒரு வரியில் எழுதிவிட்டேன், ஆனால் அதற்குள் ஒன்பது வருச ஆஸ்பத்திரி இருக்கிறது. நாய் எங்களுக்குப் பிள்ளை மாதிரி என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். அப்படி யாராவது சொன்னால் என் மனைவிக்குக் கோபம் வரும். நாய் நாய்தான், அவன் எங்கள் நாய், அவ்வளவுதான்.

விசேஷம் முடிந்த மதியம் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். கண்மாய் மறுகால் பாய்ந்து தரைப்பாலம் முழுகிவிட்டது, இன்னும் ஒரு நாள் அங்கேயே இருந்துவிட்டு வாருங்கள் என்றார். சோழவந்தானில் இருப்பதற்கு எங்களுக்கு என்ன குறை? மாடியில் தனி ரூம், மிச்சமிருந்த பிரியாணி, கொழுந்தியாளின் உபசாரம் எல்லாம் இருந்தது. ஆனால் நான் ஒரு அவசரக் குடுக்கை. வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடுமோ, தீபாவளிக்கு வாங்கிய சோபா நனைந்துவிடுமோ என்று அப்போதே வண்டியை எடுத்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் அம்மா என்னைப் பார்த்துத்தான் சொல்வாள்.

நாய்க்குக் காரில் போனால் வாந்தி வரும். அதனால் டாக்டர் கொடுத்திருந்த மாத்திரையில் பாதியைக் கொடுத்து என் மனைவி மடியில் தூங்க வைத்துக்கொண்டாள். மதுரையைக் கடந்து வருவதற்குள் சாயங்காலம் ஐந்தரை ஆகிவிட்டது. காரை மெயின் ரோட்டோரம் ஒரு டயர்க் கடை முன்னால் விட்டுவிட்டு ஓடைப் பக்கம் நடந்தோம். மழை விட்டு விட்டுப் பெய்தது. நாய் நனையாமல் இருக்க அவனைப் பெரிய தேங்காய்ப்பூத் துண்டில் சுற்றி, மேலே ஒரு பிளாஸ்டிக் கவரும் போட்டு, மார்போடு அணைத்து எடுத்து வந்தாள்.

ஓடையைக் காணோம். ரோடு, பிளாட், முள்வேலி எல்லாம் ஒரே தண்ணீராகக் கிடந்தது. அந்தப் பக்கத்து மேட்டில் எங்கள் காலனி வீடுகள் தெரிந்தன. கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருந்தவர் தன் போட்டைக் கொண்டுவந்து காலையிலிருந்து ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். வலை போடப் போகிற சின்னப் போட்டு அது. நீள மூங்கில் கம்பை ஊன்றித் தள்ளித்தான் ஓட்ட வேண்டும். ஒரு நடைக்கு ஐந்து பேர்தான் ஏற்றுவார். காசு எதுவும் வாங்கவில்லை.

நாங்கள் போய் நின்றபோது ஒருவர் இரண்டு ஆட்டுக்குட்டிகளோடு குத்தகைக்காரரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். குத்தகைக்காரர் முடியவே முடியாது என்றார். காலையில் ஓர் ஆடு நடுத்தண்ணீரில் துள்ளி, போட்டு கவிழப் பார்த்ததாம். மனுசர்கள் மட்டும்தான், ஆடு நாய் கோழி எதையும் ஏற்ற மாட்டேன், கெஞ்சி வேலை இல்லை என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். ஆட்டுக்காரர் முனகிக்கொண்டே திரும்பிப் போனார்.

என் மனைவி துண்டின் முனையை நாயின் தலைக்கு மேல் இழுத்து மூடினாள். மூடியது மழைக்காகத்தான். என் காதோரமாக வந்து, நீங்கள் போய் வீட்டைப் பாருங்கள், நான் இவனை வைத்துக்கொண்டு காரிலேயே படுத்துக்கொள்கிறேன், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். எவ்வளவு நியாயமான யோசனை! அவள் தனியாகப் படுக்க வேண்டும் என்றுகூட இல்லை. இரண்டு பேருமே காரில் படுத்திருக்கலாம். திருநகரில் லாட்ஜ் பிடித்திருக்கலாம். இருபது நிமிசத்தில் என் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கலாம். எங்களுக்கு அத்தனை வழி இருந்தது. எனக்கோ வீட்டுக்குப் போயே ஆக வேண்டும். சும்மா இரு, பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் வாயை அடைத்தேன்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் கொத்து வேலை முடிந்து வரும் மூன்று பேர் நின்றார்கள். அவர்களுக்கு அடுத்து ஒரு பெண். இருபத்தி மூன்று, இருபத்தி நாலு வயசிருக்கும். மதுரையில் ஒரு ஜவுளிக்கடையின் யூனிபார்ம் சேலை கட்டியிருந்தாள். கைப்பையை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தாள். மழைக்குக் குளிர்கிறது போல என்று நான் நினைத்தேன். அவள் திரும்பி எங்களைப் பார்த்தாள். துண்டுச் சுருளைப் பார்த்ததும் அவள் முகமே மாறிவிட்டது.

"பச்சப் பிள்ளயாக்கா? எத்தன மாசம்?" என்று கேட்டாள்.

என் மனைவி வாயைத் திறந்தாள். உண்மையைச் சொல்லத்தான் திறந்தாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்குப் பொய் வராது. நான் முந்திக்கொண்டேன்.

"நாலு மாசம்."

சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. ஏன் மூன்று என்று சொல்லவில்லை, ஏன் ஆறு என்று சொல்லவில்லை? எங்களுக்கு ஒரே ஒரு தடவை தங்கியது. நாலாவது மாசத்தில் போய்விட்டது. அந்த எண்தான் என் நாக்கில் எப்போதும் உட்கார்ந்திருந்திருக்கிறது போல. என் மனைவி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் தோள் மட்டும் கல்லாகிவிட்டது. எனக்கு அந்த நிமிசமே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை.

மொத பிள்ளையா என்று அந்தப் பெண் அடுத்துக் கேட்டாள். எங்கள் வயசைப் பார்த்து, எத்தனை வருசம் கழித்துப் பிறந்ததோ என்று நினைத்திருப்பாள். என் மனைவி "ம்" என்றாள். கல்யாணமாகிப் பதினாறு வருசத்தில் அந்தக் கேள்விக்கு அவள் சொன்ன ஒரே "ம்" அதுதான்.

அந்தப் பெண் துண்டை விலக்கிப் பார்க்கவில்லை. நம் பக்கம் தூங்குகிற பிள்ளையை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள், கண்பட்டுவிடும் என்பார்கள். அந்த நம்பிக்கை எனக்கு அன்று எவ்வளவு வசதியாகப் போய்விட்டது! அவள் தன் கதையைச் சொன்னாள். அவளுக்கும் ஐந்து மாசத்தில் ஒரு பையன். தீபாவளி நேரம் என்று கடையில் கூப்பிட்டதால் அந்த வாரம்தான் மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கிறாள். காலை எட்டு மணிக்குப் பால் கொடுத்துவிட்டுப் புருசனிடம் விட்டுவிட்டு வந்தது. புட்டிப்பால் அவன் குடிப்பதில்லையாம், வாயில் வைத்தாலே துப்பிவிடுகிறானாம். சொல்லும்போது கைப்பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அவள் ஏன் அப்படிப் பிடித்திருக்கிறாள் என்று என் மனைவிக்கு அப்போதே புரிந்துவிட்டது. பால் கட்டிச் சேலை முன்புறம் நனைந்திருக்கிறது. எனக்கு அது அன்று இரவு என் மனைவி சொல்லித்தான் தெரிந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் மோட்டாரும் பைப்பும்தானே.

போட்டு வந்தது. கொத்து வேலைக்காரர்கள் மூன்று பேரும் ஏறினார்கள். இன்னும் இரண்டு பேர்தான் என்றார் குத்தகைக்காரர். இதுதான் கடைசியாக இருக்கும், இருட்டிவிட்டால் தண்ணீருக்குள் இருக்கிற வேலிக் கல் எதுவும் தெரியாது என்றும் சொன்னார். அந்தப் பெண் ஒரு காலைத் தூக்கிப் போட்டில் வைத்துவிட்டாள். வைத்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் போங்கக்கா. கைப்பிள்ளய வச்சுக்கிட்டுப் பிரிஞ்சு நிக்காதீங்க."

குத்தகைக்காரர் அவளுடைய ஊர்க்காரர்தான். அந்தப் பக்கம் உன் பிள்ளை அழுதுகொண்டிருக்கிறான், உன் புருசன் மூன்று நடையாகக் கரையில் வந்து நின்று கேட்டுவிட்டுப் போகிறான், பேசாமல் ஏறு என்று அதட்டினார். அவள் காலை எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டாள்.

"எம் பிள்ள வீட்டுக்குள்ள இருக்குண்ணே. இது மழைல நிக்குது."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பொய்யை அப்படியே வைத்துக்கொண்டுகூட நான் யோக்கியமாக நடந்திருக்க முடியும். இருந்தது இரண்டு இடம். அவளும் என் மனைவியும் போயிருக்கலாம். ஆம்பிளை நான் கரையில் நின்றிருக்கலாம், காரில் போய்ப் படுத்திருக்கலாம். இது எனக்கு அப்போது தோன்றாமல் இல்லை. தோன்றியது. நன்றாகவே தோன்றியது. சோபா, இன்வெர்ட்டர், என் கட்டில் என்று மனசு அந்தக் கரைக்குப் போய்விட்டது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். என் மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏறும்மா, லேட்டாகுது" என்றேன்.

குத்தகைக்காரர் அந்தப் பெண்ணிடம், இவர்களை இறக்கிவிட்டு உனக்காக இன்னொரு நடை வருகிறேன், இங்கேயே நில் என்றார். அவள் சரி என்று தலையாட்டினாள். பிறகு ஒரு காரியம் செய்தாள். கரையோரம் நின்ற வேப்ப மரத்தில் ஒரு கொத்து ஒடித்தாள். தன் வளையலில் கோத்திருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றினாள். பச்சைப் பிள்ளையைத் தண்ணீர் தாண்டித் தூக்கிப் போகும்போது வேப்பிலையும் ஒரு துண்டு இரும்பும் கூட இருக்க வேண்டும் என்று சொல்லி, இரண்டையும் சேர்த்து அந்தத் துண்டின் ஓரத்தில் குத்திவிட்டாள். குத்தும்போது நாய் உள்ளே ஒரு பெருமூச்சு விட்டது. நல்ல தூக்கம் என்று சொல்லிச் சிரித்தாள். என் மனைவி குனிந்த தலை நிமிராமல் போட்டில் ஏறி உட்கார்ந்தாள். நான் பின்னாலேயே ஏறினேன்.

போட்டு நகர்ந்தது. கொத்து வேலைக்காரர்களில் ஒருவர் கைப்பிள்ளைக்காரி நடுவில் உட்காரட்டும் என்று நகர்ந்து இடம் விட்டார். இன்னொருவர் தன் தலையிலிருந்த சாக்குக் கொங்காணியைக் கழற்றி என் மனைவி தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார். எனக்கு அந்தச் சாக்கிலேயே முகத்தைப் புதைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. பொய் சொல்லி வாங்கிய மரியாதை எவ்வளவு கனக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கரையைத் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் வேப்ப மரத்தடியில் கைப்பையை அணைத்தபடி நின்றாள்.

நடு ஓடை வந்தபோது இழுப்பு தெரிந்தது. குத்தகைக்காரர் கம்பை ஆழமாக ஊன்றி, உடம்பையே சாய்த்துத் தள்ளினார். மாத்திரை கொடுத்து அதற்குள் நாலு மணி நேரம் ஆகியிருந்தது. போட்டின் மூலையில் ஈர வலை ஒன்று குவிந்து கிடந்தது, மீன் கவிச்சியோடு. கண் தெரியாத நாய்க்கு மூக்குதான் எல்லாம். துண்டுக்குள் அசைவு தெரிந்தது. என் மனைவி இரண்டு கையாலும் அமுக்கினாள். அமுக்க அமுக்க அவன் மிரண்டான். ஒரு தும்மல் வந்தது. பிறகு தலையை வெளியே நீட்டி, கரகரத்த தொண்டையில் மூன்று தடவை குரைத்தான்.

சாக்குப் பிடித்திருந்தவர் கையை உதறிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். நாய் துண்டிலிருந்து நழுவி வலையைப் பார்த்துத் தாவியது. என் மனைவி அதன் மேல் விழுந்தாள். போட்டு ஒரு பக்கம் சரிந்து தண்ணீர் உள்ளே வந்தது. குத்தகைக்காரர் திரும்பிப் பார்த்த அந்த நொடியில், போட்டைச் சமாளிக்க அப்படியே தொப்பென்று கீழே உட்கார்ந்தார். கம்பு சேற்றில் குத்தியபடி அங்கேயே நின்றுவிட்டது. நாங்கள் கம்பை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தோம்.

இழுப்பு எங்களைக் கொண்டுபோய் ஒரு காலி பிளாட்டின் காம்பவுண்டுச் சுவரில் மோதியது. அதைப் பிடித்துக்கொண்டதால் தப்பித்தோம். நிமிர்ந்து பார்த்தபோது கம்பைக் காணவில்லை. தண்ணீர் அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. கொத்து வேலைக்காரர்களிடம் சுவர்ப் பூச்சுக்கு மட்டம் பார்க்கிற நீளப் பலகை ஒன்று இருந்தது. அதைத் துடுப்பாகப் போட்டு, சுவரைப் பிடித்து, வேலிக் கம்பியைப் பிடித்து, அரை மணி நேரம் போராடி அந்தக் கரைக்குப் போனோம். அவ்வளவு நேரமும் யாரும் எங்களைத் திட்டவில்லை. ஒருவர் மட்டும் முதலில் நாயைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். என் மனைவி முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். குத்தகைக்காரர் ஒரே ஒரு முறைதான் பேசினார். என்னைப் பார்த்துக்கூடப் பேசவில்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்தப் பொம்பளப் பிள்ளைய எறக்கிவிட்டுட்டுல்ல வந்துருக்கோம்."

நான் கடையில் சொல்லும் கதை இந்த இடத்துக்கு முன்பே முடிந்துவிடும். நாய் குரைத்ததும் சிரிப்பார்கள், வேட்டி நனைந்ததும் டீ வந்துவிடும்.

கரையில் இறங்கியபோது நன்றாக இருட்டிவிட்டது. இன்னொரு நடை போவீர்களா என்று நான் கேட்டேன். கேட்பதற்கு எனக்கு என்ன முகம் இருந்தது, ஆனாலும் கேட்டேன். கம்பு இல்லாமல், இந்த இருட்டில், இந்த இழுப்பில் போனால் நானும் திரும்ப மாட்டேன் என்றார் அவர். அந்தப் பெண்ணை மறுநாள் காலை ஏழு மணிக்குத்தான் கூட்டி வந்தார்களாம். அன்று இரவு அவள் மெயின் ரோட்டோரம் இருந்த ஒரு டீக்கடை பெஞ்சில், மழையில் மாட்டிக்கொண்ட மற்ற பெண்களோடு உட்கார்ந்திருந்தாள் என்று குத்தகைக்காரர் பிறகு ஒரு நாள் சொன்னார். என் கார் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் பூட்டி நின்றது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

நாங்கள் இறங்கிய இடத்திலேயே அவளுடைய புருசன் நின்றிருந்தான். இருபத்தைந்து வயசுப் பையன், கைலி கட்டியிருந்தான், தலையில் துண்டு. ஒரு கையில் குடை. இன்னொரு கையில் தோளோடு சாய்த்துப் பிள்ளையைப் பிடித்திருந்தான். அந்தப் பிள்ளையின் அழுகை அழுகையாகவே இல்லை. அழுது அழுது குரல் கம்மி, ஒவ்வொரு தடவையும் மூச்சை இழுத்துத்தான் அடுத்த சத்தம் வந்தது. அவன் போட்டுக்குள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அவன் பொண்டாட்டி இல்லை. அவன் குத்தகைக்காரரைப் பார்த்தான்.

குத்தகைக்காரர் சுற்றி வளைக்கவில்லை. "கைப்பிள்ளக்காரின்னு நெனச்சு இவங்களுக்கு எடத்த விட்டுட்டு அங்கனயே நிக்குதுப்பா. இனி விடிஞ்சாத்தான்" என்றார்.

அவன் எங்கள் பக்கம் திரும்பினான். நாய் என் மனைவியின் கையில் இருந்தது, தலை வெளியே நீட்டி, ஈரத்தில் நடுங்கிக்கொண்டு. அவன் நாயைப் பார்த்தான். என்னை அவனுக்கு அடையாளம் தெரியும். அந்த ஊரில் எல்லோருக்கும் என் கடை தெரியும். அவன் அப்பாவோ தாத்தாவோ எங்கள் வயலில் கூலிக்கு நின்றிருப்பார்கள். அவன் ஒரு வார்த்தை கெட்டதாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். செருப்பைக் கழற்றியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். என் மனைவி அவனிடம் போய், தம்பி எங்களை மன்னிச்சிருப்பா என்று அழத் தொடங்கினாள். பிள்ளையை என்னிடம் கொடு, நான் வைத்துக்கொள்கிறேன், பால் காய்ச்சிப் பாலாடையில் கொடுத்துப் பார்க்கிறேன் என்று கையை நீட்டினாள். நாய் பிடித்த அந்த ஈரக் கையைப் பார்த்து அவன் பிள்ளையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டான்.

அப்போது அவன் போன் அடித்தது. குடையைக் கீழே போட்டுவிட்டுத்தான் எடுக்க முடிந்தது. பிள்ளை கையில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான். அவள் குரல் மழைச் சத்தத்தோடு வந்தது.

"என்னங்க, போட்டு வந்துருச்சா? நான் இன்னும் இங்கனதான் நிக்கேன். ஏன் அழுகுறான்?"

"தூக்கத்துக்கு அழுகுறான். பாலாடையில குடுத்தேன், கொஞ்சம் குடிச்சான். நீ பயப்படாத. இனி இன்னக்கிப் போட்டு வராது, டீக்கடைப் பக்கம் போய் உக்காரு" என்றான்.

அந்தப் பக்கம் அழுகிறாள் என்று தெரிந்தது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"அந்த அக்கா எறங்கிட்டாங்களா? கைப்பிள்ளயோட வந்தாங்களே. பிள்ள நனையாம வந்துச்சா?"

அவன் என் மனைவியைப் பார்த்தான். அவள் கையில் இருந்ததைப் பார்த்தான். கடைசியாக என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே போனில் சொன்னான்.

"வந்துட்டாங்க. பிள்ள நனையல. நல்லாருக்கு."